மக்காச்சோள அடை வீட்டிலேயே சுடுவது எப்படி? தானியம் தேர்வு முதல் தோசைக்கல் வரை

திருப்புல்லாணி வட்டாரத்தில் நடந்த ஒரு பயிற்சியில் ஒரு பெண் விவசாயி எழுந்து கேட்டார்: "சார், கோழிக்குப் போடுற மக்காச்சோளத்தை நம்ம பிள்ளைகளுக்கு அடை சுட்டுக் கொடுக்கலாமா?" அவர் வீட்டில் இரண்டு மூட்டை மக்காச்சோளம் இருந்தது. மழையில் ஒரு பக்கம் நனைந்திருந்ததால் வியாபாரி எடுக்க மறுத்துவிட்டாராம். வீணாகாமல் சாப்பாட்டுக்காவது ஆகுமா என்பது அவருடைய கவலை.

நல்ல தானியமாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். நனைந்து பூசணம் பிடித்ததாக இருந்தால் பிள்ளைகளுக்கும் கொடுக்கக் கூடாது, கோழிக்கும் போடக் கூடாது. எது நல்லது, எது கெட்டது என்று எப்படிப் பார்ப்பது, அதை எப்படி மாவாக்கி மெத்தென்ற அடையாகச் சுடுவது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

மக்காச்சோள அடை சாப்பிடும் ஊர்கள்

நம் மாவட்டத்தில் நெல், மிளகாய், பருத்தி, சிறுதானியங்கள்தான் முக்கியப் பயிர்கள். கமுதி பக்கக் கரிசல் பூமியில் மானாவாரியாக மக்காச்சோளமும் போடுகிறார்கள். விளைவதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போய்விடுவதால், இது மனிதர் சாப்பிடும் தானியம் என்ற எண்ணமே நம்மிடம் குறைந்துவிட்டது.

பஞ்சாபில் குளிர்காலத்தில் மக்காச்சோள ரொட்டியும் கடுகுக்கீரையும்தான் விருந்து. கருங்கடல் ஓரத்தில் உள்ள ஜார்ஜியா நாட்டின் மேற்குப் பகுதியில் 'ம்சாதி' என்ற மக்காச்சோள அடை அன்றாட உணவு. மாவு, உப்பு, தண்ணீர் மூன்றும்தான் சேர்மானம். ஈஸ்ட், சோடா எதுவும் கிடையாது. முன்பு 'கெட்சி' என்ற மண் சட்டியில் சுட்டார்கள். இப்போது வாணலியில் எண்ணெய் விட்டுச் சுடுகிறார்கள். மாவுக்குள் பாலாடைக்கட்டி வைத்துச் சுடுவதும் உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகமெங்கும் பரவிய பயிர். அது வருவதற்கு முன்பு மேற்கு ஜார்ஜியா மக்கள் தினை வகைத் தானியத்தில்தான் கூழும் அடையும் செய்தார்கள். தானியம் மாறினாலும் செய்முறை மாறவில்லை. எனவே கீழே சொல்லும் முறையில் மக்காச்சோளத்துக்குப் பதிலாகத் தினை, குதிரைவாலி, கம்பு மாவிலும் நீங்கள் அடை சுடலாம். தண்ணீர் அளவு மட்டும் கொஞ்சம் மாறும்.

முதல் வேலை: தானியத்தைச் சோதிப்பது

ருசியைவிட இது முக்கியம். ஈரமான மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் 'அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ்' என்ற மஞ்சள் பச்சைப் பூசணம் வளரும். அது 'அஃப்ளாடாக்சின்' என்ற நஞ்சை உண்டாக்கும். இந்த நஞ்சு கல்லீரலைத் தாக்கும். சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உடம்பில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு.

1974-ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் பல கிராமங்களில் மஞ்சள் காமாலை பரவியது. அறுவடை நேரத்து மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை அந்த மக்கள் சாப்பிட்டு வந்தார்கள். 100 பேருக்கு மேல் இறந்தார்கள். காரணம் இந்த நஞ்சுதான் என்று ஆய்வில் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் சொந்த நிலத்தில் விளைந்ததைச் சாப்பிட்ட ஏழை விவசாயக் குடும்பத்தினர். "வீணாக்கக் கூடாதே" என்ற எண்ணத்தில்தான் அவர்களும் சாப்பிட்டார்கள்.

அடை சுடும் சூட்டில் இந்த நஞ்சு அழியாது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுமையாகப் போகாது. பூசணத்தைத் துடைத்துவிட்டு வெயிலில் காயவைத்தாலும் உள்ளே ஊறிய நஞ்சு அப்படியே இருக்கும். எனவே கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்யுங்கள்.

1. விதை மிச்சமா என்று பாருங்கள். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையில் பூச்சி மருந்தும் பூசணக்கொல்லியும் பூசி, சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் ஏற்றியிருப்பார்கள். விதைத்தது போக மிஞ்சியதைக் கழுவிச் சாப்பிடவே கூடாது. கோழிக்கும் போடாதீர்கள்.

2. மருந்து அடித்த தேதியைப் பாருங்கள். அமெரிக்கன் படைப்புழு நம் நாட்டுக்குள் வந்தது 2018-ல். அதிலிருந்து மக்காச்சோளத்துக்கு மருந்து அடிப்பது கூடிவிட்டது. கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்பது மருந்து டப்பாவின் சீட்டில் இருக்கும். அந்த இடைவெளி விடாத கதிரைச் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள்.

3. மோந்து பாருங்கள். மக்கல் வாடை, புளிப்பு வாடை வந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

4. சுளகில் பரப்பிக் கண்ணால் பாருங்கள். பச்சை, கருப்பு, சாம்பல் நிறம் ஏறிய மணி, சுருங்கிய மணி, உடைந்த மணி, வண்டு துளைத்த மணி எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். நஞ்சு பெரும்பாலும் இப்படிப்பட்ட சில மணிகளில்தான் குவிந்திருக்கும். ஒரு பிடியில் நாலைந்து மணி இப்படி இருந்தால் பொறுக்கிச் சரிசெய்ய முயலாதீர்கள். அந்த மூட்டை முழுவதும் சாப்பாட்டுக்கு ஆகாது.

5. தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல மணி மூழ்கும். மிதக்கும் மணிகளை வடித்துக் கொட்டிவிடுங்கள்.

ஈரம் பார்க்கும் உப்பு சோதனை

சேமிக்கும் மக்காச்சோளத்தில் ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஈரமானி இல்லாத வீட்டில் இந்தச் சோதனையைச் செய்யலாம். உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்குக்கு மக்காச்சோளம் போடுங்கள். நன்றாக வறுத்து ஆறவைத்த பொடி உப்பு இரண்டு தேக்கரண்டி போட்டு மூடி, ஒரு நிமிடம் குலுக்குங்கள். 15 நிமிடம் அப்படியே வையுங்கள். பாட்டிலின் உள்பக்கச் சுவரில் உப்பு ஒட்டியிருந்தால் தானியத்தில் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் காயவைக்க வேண்டும். உப்பு ஒட்டாவிட்டாலும் ஒரு வெயில் கூடுதலாகப் போட்டுவிட்டு மூட்டை கட்டுங்கள். மணியைப் பல்லால் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் காயவில்லை.

காயவைப்பதில் கவனம்

கதிரின் மேல்தோல் காய்ந்து, மணியின் அடிப்பகுதியில் கருப்புப் படலம் தெரிந்தால் முற்றிவிட்டது என்று பொருள். மழை வரும் போலிருந்தால் முற்றிய கதிரை நிலத்தில் விட்டு வைக்காதீர்கள். ஒடித்ததும் குவியலாகப் போட்டால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். வெறும் மண் தரையில் பரப்பினால் மண்ணில் உள்ள பூசணம் ஏறும். களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லிசாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிடுங்கள். நம் கடலோரத்தில் இரவுப் பனியும் உப்புக் காற்றும் அதிகம். பொழுது சாயும் முன்பே குவித்து மூடி, மறுநாள் வெயில் ஏறிய பிறகு விரியுங்கள்.

வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கும் தானியத்தைத் தனி மூட்டையிலோ மூடி உள்ள டின்னிலோ வையுங்கள். தரையில் வைக்காமல் பலகை போட்டு, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வையுங்கள். வண்டு வராமல் இருக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் போடவே கூடாது. அதிலிருந்து வரும் புகை உயிரைக் குடிக்கும். மாதம் ஒரு முறை வெயிலில் போட்டுப் புடைத்தாலே போதும்.

சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைப்பது

ஜார்ஜியாவிலும் பஞ்சாபிலும் காய்ந்த மக்காச்சோளத்தை நேரே அரைத்துவிடுகிறார்கள். மெக்சிகோ மக்கள் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துப் பிறகு அரைக்கிறார்கள். மக்காச்சோளத்தில் உள்ள 'நியாசின்' என்ற வைட்டமின் நம் உடம்பில் சேராதபடி கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது.

நியாசின் குறைந்தால் 'பெலக்ரா' என்ற நோய் வரும். வெயில் படும் இடங்களில் தோல் கருத்து உரியும். வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் தொடரும். இத்தாலியிலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் மக்காச்சோளத்தை மட்டுமே நம்பியிருந்த ஏழைகள் இதனால் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அடை சாப்பிட்டு, மற்ற நாள் சோறு, பருப்பு, மீன் என்று சாப்பிடும் நம் குடும்பங்களுக்கு இந்தப் பயம் தேவையில்லை. தினமும் மக்காச்சோளம்தான் முக்கிய உணவு என்றால் சுண்ணாம்பு முறையைப் பின்பற்றுங்கள்.

செய்முறை: 1 கிலோ மக்காச்சோளத்துக்கு வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு 10 கிராம், தண்ணீர் 3 லிட்டர். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு வேண்டாம். எவர்சில்வர் அல்லது மண் பாத்திரத்தில் செய்யுங்கள். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். சுண்ணாம்பைக் கரைத்து, தானியத்தைப் போட்டு, 30 முதல் 40 நிமிடம் கொதிக்க விடுங்கள். விரலால் தேய்த்தால் தோல் வழுக்கி வர வேண்டும். மூடி வைத்து ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் தோல் போக மூன்று நான்கு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிறகு கிரைண்டரில் கெட்டியாக ஆட்டி அன்றே அடை தட்டலாம். மாவாக வேண்டும் என்றால் இரண்டு மூன்று வெயில் காயவைத்து மில்லில் கொடுங்கள்.

மாவு அரைப்பது

மில்லில் மிளகாய் அரைத்த பிறகு உங்கள் தானியத்தைப் போடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நைசாக அரைக்கச் சொல்லுங்கள். கொரகொரப்பாக இருந்தால் அடை விரியும். அரைத்த சூட்டோடு டப்பாவில் அடைக்காமல் துணியில் பரப்பி ஆறவிட்டுச் சலியுங்கள்.

மக்காச்சோள முளைப்பகுதியில் எண்ணெய் உண்டு. அதனால் மாவு சீக்கிரம் காறிப்போகும். இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்து வையுங்கள். கசப்போ பழைய எண்ணெய் வாடையோ வந்தால் அந்த மாவு வேண்டாம். கடையில் வாங்குவதாக இருந்தால் 'மக்காச்சோள மாவு' என்று கேட்டு மஞ்சள் நிற மாவை வாங்குங்கள். 'கார்ன் ஃபிளவர்' என்று வெள்ளையாக விற்பது ஸ்டார்ச். அதில் அடை வராது.

அடை சுடும் முறை

நான்கு பேருக்குத் தேவையானவை:

- மக்காச்சோள மாவு – 400 கிராம்
- உப்பு – ஒரு தேக்கரண்டி
- கொதித்து சற்றே ஆறிய தண்ணீர் – 350 முதல் 400 மில்லி
- நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் – சுடுவதற்கு

உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் மாவு பிசைய அதை எடுக்காதீர்கள். கூட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். வேறு வழியில்லை என்றால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

1. மாவில் உப்பைக் கலந்து நடுவில் குழி செய்யுங்கள். சுடுதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறுங்கள். கோதுமையில் உள்ள பசைப் புரதம் மக்காச்சோளத்தில் இல்லை. சுடுதண்ணீர் பட்டு மாவு பாதி வெந்தால்தான் ஒட்டும். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் தட்டும்போதே உடைந்துவிடும்.

2. கை பொறுக்கும் சூடு வந்ததும் ஐந்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். கொழுக்கட்டை மாவு பதம் வர வேண்டும். ஈரத்துணி போட்டு மூடி 15 நிமிடம் வையுங்கள். மாவு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வறண்டிருந்தால் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள்.

3. பெரிய எலுமிச்சம்பழ அளவுக்குச் சற்றுக் கூடுதலாக உருண்டை பிடியுங்கள். பத்து உருண்டை வரும். கையை நனைத்துக்கொண்டு உள்ளங்கையில் வைத்து விரல் கனத்துக்கு நீள வட்டமாகத் தட்டுங்கள். ஓரத்தில் வெடிப்பு இருந்தால் ஈரக்கையால் தடவி மூடுங்கள்.

4. இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, தீயைக் குறைத்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விடுங்கள். மூன்று அல்லது நான்கு அடைகளை இடைவெளி விட்டுப் போடுங்கள். மூடி போட்டு ஆறேழு நிமிடம் வேகவிடுங்கள். அதுவரை திருப்ப வேண்டாம்.

5. அடிப்பக்கம் பொன்னிறமாகி, தானாகவே கல்லை விட்டு நகர்ந்தால் திருப்புங்கள். மறுபக்கம் மூடாமல் ஐந்தாறு நிமிடம். நடுவில் பிட்டுப் பார்த்தால் பச்சை மாவு தெரியக் கூடாது.

சூடாகச் சாப்பிடுங்கள். ஆறினால் இறுகும். மிஞ்சியதைப் பிட்டு மோரில் ஊறவைத்துச் சாப்பிடலாம்.

சரியாக வராவிட்டால்

- தட்டும்போது உடைகிறது: தண்ணீர் சூடு போதவில்லை அல்லது மாவு பழையது.
- வெளியே கருகி உள்ளே வேகவில்லை: தீ அதிகம் அல்லது அடை கனம்.
- எண்ணெய் குடிக்கிறது: கல் காயும் முன்பே போட்டுவிட்டீர்கள் அல்லது மாவு தளர்ந்துவிட்டது.
- கல்லில் ஒட்டுகிறது: அவசரப்பட்டுத் திருப்பிவிட்டீர்கள்.
- கல் மாதிரி இருக்கிறது: தண்ணீர் குறைவு. அடுத்த முறை கால் டம்ளர் கூட்டுங்கள்.

முதல் நாள் சரியாக வராது என்று பயப்படுகிறவர்கள் நான்கு பங்கு மக்காச்சோள மாவுக்கு ஒரு பங்கு கோதுமை மாவு சேர்த்துப் பழகலாம். நறுக்கிய சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, சீரகம் சேர்த்தால் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

எதனோடு சாப்பிடுவது?

100 கிராம் மக்காச்சோளத்தில் சுமார் 9 கிராம் புரதம் இருந்தாலும், உடம்பு வளர்ச்சிக்கு வேண்டிய லைசின், டிரிப்டோபன் ஆகிய இரண்டு அமினோ அமிலங்கள் அதில் குறைவு. பயறு வகைகளில் லைசின் நிறைய உண்டு. ஜார்ஜியா மக்கள் அடையோடு 'லோபியோ' என்ற அவரை விதைக் குழம்பும் பாலாடைக்கட்டியும் சாப்பிடுவது அந்தக் குறையை நிரப்புகிறது. நமக்குத் தட்டைப்பயறுக் குழம்பு, பாசிப்பயறு கடைசல், தயிர், மீன் குழம்பு, கருவாட்டுக் குழம்பு எதுவும் பொருந்தும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் முண்டு மிளகாயில் துவையல் அரைத்துத் தொட்டுக்கொண்டால் வேறு எதுவும் கேட்காது. மிளகாயையும் பூசணம் இல்லாமல் பார்த்து எடுங்கள். அதே நஞ்சு அதிலும் வரும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டு அடையோடு நிறுத்தி, பயறும் கீரையும் கூட்டிக்கொள்ளுங்கள். இதுவும் மாவுச்சத்து உணவுதான்.

கழித்த தானியத்தை என்ன செய்வது?

பலரும் தவறு செய்யும் இடம் இது. "நமக்கு ஆகாவிட்டால் மாட்டுக்கு ஆகும்" என்று தொட்டியில் கொட்டிவிடுகிறோம். பூசணம் பிடித்த தானியத்தைத் தின்ற கறவை மாட்டின் பாலில் அந்த நஞ்சு வேறு வடிவில் வந்துவிடும். அந்தப் பாலை உங்கள் குழந்தைதான் குடிக்கும். கோழிகளுக்கு ஈரல் வீங்கி முட்டை குறையும். இந்த நஞ்சு உலகுக்குத் தெரிய வந்ததே 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று செத்த பிறகுதான். கழித்ததை ஆடு மாடு கிளறாத இடத்தில் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். நல்ல தானியத்தோடு கலந்து விற்கவும் வேண்டாம். அது யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளையின் தட்டுக்குப் போகும்.

விற்பனைக்குச் செய்கிறவர்களுக்கு

திருப்புல்லாணி, சேதுக்கரை பக்கம் கோயிலுக்கு வருகிறவர்கள் அதிகம். மகளிர் குழுவினர் அடையோ மாவோ செய்து விற்கலாம். 1 கிலோ மாவில் சுமார் 25 அடை வரும். மாவு, எண்ணெய், எரிபொருள், உங்கள் கூலி நான்கையும் கூட்டி, அதை 25-ஆல் வகுத்துப் பார்த்த பிறகு விலை வையுங்கள். கூலியைச் சேர்க்காமல் கணக்குப் போட்டுவிட்டு "லாபம்" என்று நினைப்பவர்களே அதிகம். சிறு அளவில் உணவு விற்பவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தானியங்களில் அஃப்ளாடாக்சின் அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். மாவாக விற்கத் தொடங்கும் முன் ஒரு முறையாவது ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணிடம் இரண்டு மூட்டையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். நனைந்த மூட்டையில் நடுவில் கை விட்டதும் சூடும் மக்கல் வாடையும் அடித்தன. அதைப் புதைத்துவிட்டார். அவருக்கு மனசு ஆறவில்லை. பாடுபட்ட விளைச்சல் அல்லவா? நனையாத மூட்டை உப்பு சோதனையில் தேறியது. அதிலிருந்து ஒரு படி எடுத்து அரைத்து அன்று சாயங்காலமே அடை சுட்டார். நீங்களும் மாவு மில்லுக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, சுளகில் பரப்பிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு கைப்பிடி மாதிரியோடு ராமநாதபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வாருங்கள்.